நீட்டிப்பா, தளர்வா?

பீளமேடு,
மே 2020

என்னங்க,

நீங்கள் கோபித்துக்கொண்டு சென்னிமலைக்கு, உங்கள் அக்கா வீட்டுக்குப் போன மறுநாளே ஊரடங்கு வந்துவிட்டது. கேட்பவர்களிடமெல்லாம், "அவருக்கு வர பாஸ் கிடைக்கலீங்க" என்றே சொல்லிவருகிறேன்.

இங்கே தினமும் மாலையில் பால்கனிகளில் நின்றபடி ஒரே விவாதம். கடையைத் திறக்காவிட்டால் பிழைப்பே போய்விடும் என்பார் கீழ்வீட்டு கரீம் பாய். ஊரடங்கை நீட்டித்தே ஆகவேண்டும் என்று அவரோடு மல்லுக்கு நின்றவள் நான்தான். பஸ் ஓடாதவரை, நீங்கள் ஏன் வரவில்லை என்று யாரும் துருவமாட்டார்கள்.

இன்று, நீட்டிப்பா தளர்வா என்று பார்க்க, எல்லோரையும் கை தூக்கச் சொன்னார்கள். "தளர்த்தலாம்" என்றதும் என் கை மேலே போய்விட்டது. எனக்கே ஆச்சரியம்.

"ஏனுங்கம்மா, நேத்து வரைக்கும் நீட்டிக்கோணும்னு சொன்னீங்களே?" என்றார் பாய்.

"பஸ் ஓடுனாத் தேவலைன்னு தோணுச்சுங்க."



நம்முடைய அன்றைய சண்டையில் யார் சொன்னது சரி என்று இப்போது நான் யோசிப்பதில்லை. அங்கே உங்களைக் கேட்டிருந்தால் எதற்குக் கை தூக்கியிருப்பீர்கள்? அதைத்தான் மாலையிலிருந்து யோசிக்கிறேன்.

பதில் எழுத வேண்டாம். பஸ் விட்டதும் நானே நேரில் வந்து கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி