ஆதன் நிற்கும் கரை

நலம் பெருகுக. மழை தவறாது பெய்க. பெய்த மழை கரைக்குள் அடங்குக.

எளியாரையும் தன் குடைநிழலில் இருத்தும் வெள்வரை நாட்டு அரசியார் நன்முல்லைத் தேவியார்க்கு ஆட்சியாண்டு பன்னிரண்டு, மார்கழித் திங்கள் ஐந்தாம் நாள், குவளைப் பேரேரியின் நீருண்டு வாழும் ஏழூர்ச் சபையார்க்கும், அவ்வூர்களின் உழவர்க்கும் தொழில் செய்வோர்க்கும், வீட்டுக்குள் இருந்தபடியே செவிகொடுக்கும் பெண்டிர்க்கும், தேவியார் திருவாய்மொழிந்தபடி ஓலைநாயகம் பெருஞ்சாத்தன் எழுதிய திருமுகம். சபை கூடியபின், வெயில் உள்ள பொழுதில், இதை உரக்கப் படிக்கவும். இதில் வருவோர் பேசிய பேச்சை அவர்கள் பேசியபடியே எழுதுக என்பது தேவியார் கட்டளை. ஆதலால் படிப்பவர் அதைத் திருத்த வேண்டா.

ஏழூருள் கடையூரான நெடுமடையிலிருந்து வந்த பருவச்செய்தி முதலில். ஐப்பசி இரண்டாம் கிழமையில் மழை பிடித்தது. நாற்று நன்றாக எழுந்தது. மேலைத் தெருவில் இரண்டு திருமணங்கள் நடந்தன. ஒன்றில் மழையால் பந்தல் சரிந்து, மணமக்களைப் பசுக்கொட்டிலில் நிறுத்தித் தாலி கட்டுவித்தார்கள். நாரைகள் வழக்கத்தைவிட முன்னதாக வந்தன. ஏரி முக்கால் அளவு நிறைந்தது. இவையெல்லாம் நல்ல செய்தியே. ஆயினும் ஏரிக்கண்காணி எழினி, ஐப்பசி இருபத்திரண்டாம் நாள் அவ்வூரின் தென்மதகைப் பார்க்கச் சென்றபோது கண்டது வேறு.

அத்தென்மதகு தேவியாரின் பாட்டனார் காலத்துக்கும் முந்தியது. அதன் கற்களுக்கிடையே அரசமரத்து வேர் புகுந்து, ஒரு கல்லை மறு கல்லிலிருந்து விலக்கியிருக்கிறது. அடைப்புப் பலகை மக்கிப்போனது. மூன்றாண்டுகளுக்கு முன் இதே பருவத்தில், அம்மதகையொட்டிய கரை ஒரு முற்பகலில் சரிந்தது. அன்று காவல் நின்ற ஆதன் என்னும் உழவர் அதனோடு போனார். ஊரார் பதினொரு நாள் தேடினார்கள், உடல் கிடைக்கவில்லை. கரையை எப்படியோ மண்கொட்டி மூடினார்கள். பிறகு அவ்விடத்துக்கு ஆதன் கரை என்று பெயராயிற்று.

அதுமுதல் அவ்வூரில் ஒரு வழக்கம். மழை தொடங்கியதும், விடியலில் முரசறைவோர் மன்றத்தில் நின்று அன்றைக்கு எக்கரைக்கு யார் காவல் என்று கூறுவார். தென்மதகுக்கு வரும்போது ஒவ்வொரு நாளும், "ஆதன்" என்பார். சொல்லி நிறுத்துவார். கூடியிருப்போர் இருபுறமும் விலகி ஓர் ஆள் நடக்கும் அளவு வழிவிடுவார்கள். அவ்வழியே யாரும் வருவதில்லை. ஆயினும் மூன்று மூச்சுப் பொழுது அனைவரும் தலைகுனிந்து நிற்பார்கள், குழந்தைகள்கூட அழுவதில்லை. அதன்பின் தை பிறக்கும்வரை அந்த நூறடிக் கரையில் உயிருள்ளவர் எவரும் கால் வைப்பதில்லை.

எழினி அவ்வழக்கத்தை முதன்முதலாகக் கண்ட விடியலில் அவருக்குப் பிடரி சிலிர்த்தது. தேவியாரிடம் அவரே ஒப்புக்கொண்டது இது. வெற்று வழியைப் பார்த்துக்கொண்டிருந்தவர், தம்மையறியாமல் தாமும் ஓரடி பின்வாங்கி நின்றாராம்.

பின்னர் அவர் அக்கரையை நோக்கி நடந்தபோது, ஊர்த்தலைவர் காரி குறுக்கே வந்து நின்றார்.

"ஐயா, அதுக்கு மேல போகாதீங்க. அது ஆதன் கரை."

"பார்க்க வேண்டியதே அதுதானே. அங்கே யார் காவல்?"

"அவன்தாங்க. வேற ஆரு?"

கூட்டத்தில் நின்ற ஒருத்தி, "போன வருசமும் ஒரு அதிகாரி வந்தாருங்க. நண்டு வளைக்குள்ள கால விட்டுட்டு, ஆதன் புடிச்சுட்டான் ஆதன் புடிச்சுட்டான்னு அலறிக்கிட்டு ஓடினாரு. ஒத்தச் செருப்பு இன்னும் இங்கதான் கிடக்குது" என்றாள். சிலர் சிரித்தார்கள். காரி சிரிக்கவில்லை.

"சிரிக்கற பேச்சில்லீங்க. மதகுச் சுவர்ல வெடிப்பு விட்டா மறுநாளே மண்ணு பூசியிருக்குது. வயல்ல நின்னு பாத்தாலே விரல் தடம்கூடத் தெரியுது. நாங்க ஆரும் போகல. மூணு வருசமாக் கரை நிக்குதே, எப்படி நிக்குதுன்னு நினைக்கறீங்க?"

அந்தச் சொல்லைக் கேட்டபின் எழினிக்குப் போகாமல் இருக்க முடியவில்லை. காரியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு தனியே நடந்தார். பட்டப்பகல், தூறல். பக்கத்துக் கரைகளில் ஆள் பேச்சு கேட்டது. அந்த நூறடிக்குள் நுழைந்ததும் அது நின்றுவிட்டதுபோல் இருந்தது. யாரோ ஒருவர் தமக்கு இடம் விட்டு நீர்ப்பக்கமாக ஒதுங்கி நிற்கிறார் என்ற எண்ணத்தை அவரால் விலக்க முடியவில்லை. "ஐயா, கரையைப் பார்த்துவிட்டுப் போகிறேன்" என்று வாய்விட்டுச் சொன்ன பிறகே கால் நகர்ந்தது.

காரி சொன்னது உண்மை. வயற்பக்கச் சரிவில், மதகுக் கற்களின் ஓரமாக, ஐந்தாறு இடங்களில் புதுமண் பூசப்பட்டிருந்தது. அன்போடு பூசிய பூச்சு அது. ஓரங்களை வழித்து மெழுகியிருந்தது. ஆனால் ஒவ்வொரு பூச்சையும் சுற்றி ஒரு முழத்துக்கு ஈரம் பரவியிருந்தது. கசிவை நீர்ப்பக்கத்தில் அடைத்தால் நீர் நிற்கும். வயற்பக்கத்தில் அடைத்தால் நீர் கரைக்குள்ளேயே தேங்கி, வெளியே வர வேறு வழி குடையும். பூசியவர் கரையைக் காக்கவில்லை. தாம் அறியாமலே அதை உள்ளிருந்து கரைத்துக்கொண்டிருந்தார். எழினி மடியில் கொண்டுவந்திருந்த உமியில் ஒரு கை எடுத்து ஏரிநீரில் தூவினார். அது மதகோரம் மிதந்துசென்று, ஓரிடத்தில் சுழன்று, உள்ளே இழுபட்டு மறைந்தது.

ஏரி நாளுக்கு ஒரு சாண் ஏறிக்கொண்டிருந்தது. இரண்டு நாள் பொழுதுதான் இருக்கிறது என்று அவர் கணித்தார். மன்றத்துக்குத் திரும்பி, ஊரே திரண்டு வந்து நீர்ப்பக்கம் அடைக்க வேண்டும் என்று வேண்டினார். ஊரார் அசையவில்லை. தாங்கள் அங்கே கால் வைத்தால் ஆதன் போய்விடுவார், அவர் போனால் கரை போய்விடும் என்றார்கள். அச்சத்தைவிட நன்றியே அவர்களைத் தடுத்தது. ஆதலால் அதட்டி ஆவதொன்றில்லை என்று எழினி உணர்ந்தார். இறுதியில் காரி, "சேந்தி சொல்லட்டும். அவ புருசன் கரை. அவ வாங்கன்னா வர்றோம்" என்றார்.

சேந்தி ஆதனின் மனைவி. எழினி போனபோது, நாற்றங்காலில் நாற்றைப் பறித்துக் கட்டுக்கட்டாகக் கட்டிக்கொண்டிருந்தாள். சொன்னதையெல்லாம் கை நிறுத்தாமல் கேட்டாள்.

"வேற ஆளு நின்னா, அப்புறம் அவர் பேரச் சொல்ல மாட்டாங்க. அப்படித்தானுங்களே?"

எழினி அவளருகே வரப்பில் அமர்ந்தார்.

"உடம்பு கிடைக்கலீங்க. நெருப்பு வைக்கல. விடியக்காலைல முரசடிச்சு அவர் பேரச் சொல்றாங்க பாருங்க, அந்தச் சத்தத்துக்குத்தான் நான் எந்திரிக்கறேன். அதையும் எடுத்துட்டா எனக்கு என்னங்க இருக்குது?"

எழினி அவளைக் கட்டாயப்படுத்தவில்லை. கரையிலிருந்து பெயர்த்து வந்த பூச்சு மண்ணை வரப்பின்மேல் வைத்துவிட்டு, "இது பூசியவர் நல்ல மனத்தோடுதான் பூசியிருக்கிறார், தாயே. ஆனால் இதனாலேயே கரை போகும்" என்று மட்டும் சொன்னார்.

சேந்தி அந்த மண்ணைக் கிள்ளி விரலிடையே உருட்டினாள். மறுபடியும் உருட்டினாள்.

"ஒரு கல்லுகூட இல்லையே. சலிச்ச மண்ணு." சற்று நேரம் ஏரியைப் பார்த்தாள். "செத்தவருக்குச் சல்லடை எதுக்குங்க?"

கையைக் கழுவிக்கொண்டு அவள் நேரே குயவர் கொற்றன் வீட்டுக்குப் போனாள். எழினி பின்னால் போனார். கொற்றன் கொட்டகைக்குள் ஈரப்பானையைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"கொற்றண்ணே, கரைக்கு மண்ணு பூசறது நீங்கதானே?"

தட்டுப்பலகை நின்றது. அதைக் கீழே வைத்துவிட்டு அவர், "நான்தான் தாயி" என்றார். ஊர் உறங்கும் வேளையில் போய்ப் பூசிவந்ததைச் சொன்னார். பிறகு ஒருவரும் கேளாததையும் சொன்னார். "அன்னிக்கு என் முறை. சூளை மூட்டிட்டேன், விட்டுட்டு வர முடியாது, இன்னிக்கு மட்டும் நீ நில்லுன்னு ஆதன்கிட்ட நான்தான் கேட்டேன். ஊருக்கே தெரியும். ஆனா அந்தச் சூளை..."

"மூட்டல" என்றாள் சேந்தி.

கொற்றன் நிமிர்ந்து பார்த்தார்.

"அடைமழையில எந்த ஊருல அண்ணே சூளை மூட்டறாங்க? பொகை வருதான்னு வாசல்ல நின்னு பாத்தேன். வரல. குளுருக்கு இழுத்துப் போத்திப் படுத்திருந்தீங்க."

"மூணு வருசமாத் தெரியுமா? ஏன் தாயி ஒரு வார்த்தை கேக்கல?"

"கேட்டா ஊர விட்டே போயிடுவீங்க. அப்புறம் பானைக்கு நாங்க ஆருகிட்டப் போறது?" என்றாள். கொற்றன் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அவள் குரலைத் தாழ்த்தினாள். "அவருக்கும் தெரியும்ண்ணே. மழையப் பாத்துட்டு, சிரிச்சுக்கிட்டேதான் கம்பளிய எடுத்துக்கிட்டுப் போனாரு. படுத்துக்கட்டும், பாவம்னு சொன்னாரு."

இதை எழினி திருமுன்பில் சொன்னபோது தேவியார், அறிந்தே ஏமாந்த ஒருவரின் ஈகை பெரிது என்றும், அறிந்தே வாய்மூடியிருந்தவளின் ஈகை அதனினும் பெரிது என்றும், இறைவன் திருமுன் இவ்விரண்டுக்கும் விளக்கேற்றுக என்றும் கூறியருளினார்.

சேந்தி மன்றத்துக்கு வந்தாள். கொற்றன் சொல்ல வேண்டியதை அவரே ஊரறியச் சொன்னார். அவரை ஏச ஒருவர் வாயெடுக்கும் முன் அவள் சொன்னது இது: "அவரு கரையக் காக்கறாரோ இல்லையோ எனக்குத் தெரியாது. நிக்கறாருன்னு நீங்க எல்லாரும் சொல்றீங்க. நிக்கறாருன்னா மூணு வருசமா ஒத்தையில நிக்கறாரு. மழையில ஒரு மனுசன ஒத்தையில நிக்க விட்டுட்டு நாம வீட்டுல இருந்திருக்கோம். எந்திரிங்க."

ஊர் எழுந்தது. முரசறைவோர் அடிக்கவே வேண்டியிருக்கவில்லை.

அன்று உச்சிப்பொழுதிலிருந்து மறுநாள் பொழுது சாயும்வரை, இடையில் இருட்டுக்கு மட்டும் நிறுத்தி, வேலை நடந்தது. நீந்தத் தெரிந்தவர்கள் உமி இழுபட்ட இடத்தில் இறங்கி வைக்கோற்கட்டுகளை அமுக்கினார்கள். வயலோரப் பள்ளத்திலிருந்து கரைமேல்வரை ஆண்களும் பெண்களும் வரிசையாக நின்று மண்கூடைகளைக் கைமாற்றினார்கள். வயற்பக்கத்தில் பூசியிருந்த மண்ணைக் கொற்றனே தம் கையால் பெயர்த்தெடுத்து, உள்ளே தேங்கிய நீரை ஒழுகவிட்டார். இரண்டாம் நாள் மாலை எழினி மறுபடி உமி தூவினார். அது நீரின்மேல் அசையாமல் கிடந்தது.

இனி எழுதுவதை நம்புவதும் விடுவதும் கேட்போர் விருப்பம்; எழினி பொய்யுரைப்பவர் அல்லர் என்பதை மட்டும் ஓலைநாயகம் அறிவான். அவ்வரிசையில் சேந்தி ஓரிடத்திலும், பெயர்த்து முடித்து வந்த கொற்றன் அடுத்த இடத்திலும் நின்றிருந்தார்கள். இருவருக்கும் நடுவே, ஓர் ஆள் நிற்கும் அளவு இடைவெளி இருந்தது. எழினி மேலிருந்து அதைக் கண்டு, நெருங்கி நிற்கும்படி சொல்ல வாயெடுத்தார். கூடைகள் அவ்விடத்தில் தயங்காமல் போய்க்கொண்டிருந்தன. சேந்தி கை நீட்டினாள், கொற்றன் கை நீட்டினார். அவர்கள் கைகள் ஒன்றையொன்று தொட்டதாக எழினி ஒருமுறையும் காணவில்லை. அவர் அப்படியே திரும்பிக்கொண்டார். பிறகு அவ்விருவரிடமும் அதைப்பற்றிக் கேட்கவும் இல்லை.

அடுத்த கிழமையில் இவ்வாண்டின் பெருமழை பெய்தது. தென்மதகு தாங்கியது. ஊரில் ஒரு வீட்டுக்குள்ளும் ஏரிநீர் புகவில்லை.

அதன்பின் காரி முதலான சபையார், ஆதன் பெயரைக் காவல் முறையிலிருந்து நீக்குவதா வைப்பதா என்று கேட்டு அரண்மனைக்கு எழுதினார்கள். அவ்வோலையின் கீழே சேந்தி சொல்லி எழுதுவித்த ஒரு வரியும் இருந்தது: நீக்கச் சொன்னால் நீக்குகிறோம், தேவியார் ஒருமுறை அவர் பெயரைச் சொல்லிவிட்டு நீக்கச் சொல்லட்டும் என்று. தேவியார் அப்பெயரை வாய்விட்டுச் சொன்னார், நீக்கச் சொல்லவில்லை. கார்த்திகை இருபதாம் நாள் அவரது விடை நெடுமடை சேர்ந்தது. மறுநாள் விடியலில் முரசறைவோர் தென்மதகுக்கு "ஆதன்" என்றார், வழக்கம்போல் நிறுத்தினார், பிறகு "கொற்றன்" என்றார். கூட்டம் விலகி வழிவிட்டது. கொற்றன் கோலைப் பிடித்தபடி கால் எழாமல் நின்றுவிட்டார். சேந்தி அவரருகே வந்து, "நடங்கண்ணே. அவரு முன்னாடியே போயிட்டாரு" என்றாள்.

ஆதலால் ஏழூர்ச் சபையார் அனைவர்க்கும் தேவியார் கட்டளையாவது: கரையில் உயிர்கொடுத்தவர் எவர் பெயரையும் காவல் முறையிலிருந்து நீக்க வேண்டா; ஆயினும் அவரைத் தனியே நிற்க விடவும் வேண்டா, உயிருள்ள ஒருவர் நாள்தோறும் முறை வைத்து அவருக்குத் துணை நிற்க. அஞ்சியோ அன்பினாலோ ஊரார் கால் வையாத கரை எங்கெங்கு உண்டோ, அங்கெல்லாம் இந்த ஓலை படித்த மூன்றாம் நாளுக்குள் சபையார் நடந்து பார்த்து, ஈரம் கண்ட இடத்தை எழினிக்குச் சொல்லியனுப்புக. பங்குனியில் நீர் இறங்கியதும் அரண்மனைக் கற்றச்சர் வந்து தென்மதகின் வேரறுத்துக் கல்லடுக்கித் தருவர். அவர்களுக்கு நிழலும் மோரும் கொடுத்து உதவுக. பிழை செய்தோர் மறைவில் அதைச் சரிசெய்ய முயன்றிருந்தால், பகலில் வந்து சொல்லுக. சொன்னவரை ஊர் ஏசலாகாது, அரசும் ஒறுக்காது.

இது தேவியார் வாய்ச்சொல். இதை எழுதிய கைக்கும், சுமந்து வந்த காலுக்கும், கேட்ட செவிக்கும் குன்றுறை இறைவன் துணை. குவளைமலர் இலச்சினை இட்டது. ஆதன் பெயர் இவ்வோலையில் எழுதப்பட்டதால், இதன் படியொன்று அரண்மனைக் கருவூலத்தில் அழியாமல் வைக்கப்படும்.