பதினான்காம் பக்கத்தில் ஒரு திருத்தம்

வைட் பாப்லர், சஸ்காட்செவன்
நவம்பர் 9

அன்புள்ள பாவ்லினாவுக்கு,

நெஸ்டர் எழுதுகிறேன். இங்கே நாங்கள் இருவரும் ஒருவழியாக நடமாடிக்கொண்டிருக்கிறோம். ஆர்லீனுக்கு முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கைத்தடி இல்லாமலே நடக்கிறாள், என்னை விரட்டுவதிலும் குறைவில்லை. அக்டோபர் கடைசியிலேயே பனி கொட்டித் தீர்த்துவிட்டது. விக்டோரியாவில் மகள் வீட்டுத் தோட்டத்தில் நீ இன்னும் ரோஜா பறிப்பதாக எழுதியிருந்தாய். படிக்கும்போதே வயிற்றெரிச்சலாக இருந்தது. உடம்பைப் பார்த்துக்கொள்.

ஊர் நூற்றாண்டுப் புத்தகத்துக்கு நீ எழுதிய அத்தியாயத்தைப் பிழை பார்க்கச் சொல்லி என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். புத்தகக் குழுவில் இருப்பவர்கள் எல்லாம் நம் பிள்ளைகள் வயசு. பழைய கதை எதுவும் தெரியாமல் அவர்கள் உன்னைக் கேட்க, நீயும் மறுக்காமல் எழுதிக் கொடுத்துவிட்டாய். இந்த ஊர் உன்னை நடத்திய விதத்துக்கு, வேறு யாராக இருந்தாலும் அவர்கள் கேட்டு எழுதிய கடிதத்தை அடுப்பில் போட்டிருப்பார்கள்.

உட்கார்ந்த இடத்திலேயே படித்து முடித்தேன். நம் தொகுதி பிறந்த வருஷம், பன்றி வண்டியில் வந்து இறங்கிய முதல் வாக்குப் பெட்டி, இரண்டே வாக்கில் ஜெயித்த யாக்கிம்சுக், அவர் நம் சாலைச் சேற்றை அள்ளிக்கொண்டு போய்த் தலைநகர் ரெஜைனாவில் சட்டமன்ற மேஜை மேல் வைத்தது, எல்லாம் சரியாக வந்திருக்கிறது. ஒன்றே ஒன்று, அவர் சேறு கொண்டுபோனது ஜாடியில் இல்லை, பால் கேனில். அந்தக் கேன் என் மாமா வீட்டுடையது, திரும்பி வரவே இல்லை என்று அத்தை சாகும்வரை புலம்பினாள்.

பதினான்காம் பக்கம்தான் என்னைத் தூங்கவிடவில்லை. நம் தொகுதியைக் கலைத்துப் பக்கத்துத் தொகுதியோடு சேர்த்த கதையை அதில் எழுதியிருக்கிறாய். "ஆயிரத்து நூற்று நாற்பது பேர் கையெழுத்திட்ட மனுவை நண்பர் நெஸ்டர் பிலிபியுக் கடும் குளிரில் கொண்டுபோய்த் தொகுதி எல்லைக் குழுவின் முன் வாதாடினார். தொகுதியைக் காப்பாற்ற முடியாமல் போனதற்கு அப்போதைய சட்டமன்ற உறுப்பினரான நானே பொறுப்பு." இப்படி எழுதியிருக்கிறாய், பாவ்லினா. இதைத் திருத்தத்தான் இந்தக் கடிதம். நான் வாதாடவில்லை. அந்த மனு எல்லைக் குழுவின் கைக்குப் போகவே இல்லை.

நீ எதற்காக என்னை அனுப்பினாய் என்பது நினைவிருக்கிறது. "நான் போனா என் நாற்காலிக்காகப் பேசுறேன்னு சொல்லுவாங்க. நீ போ நெஸ்டர், நீ விவசாயி, உன் பேச்சு எடுபடும்" என்றாய். குழுவின் விசாரணை சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு. அதே நாள் காலை பத்து மணிக்கு, மச்சினன் ஊரில் கர்லிங் இறுதி ஆட்டம். முப்பது வருஷம் பனித்தளத்தில் கல் தள்ளியவன் நான், அதுவரை அரையிறுதியைத் தாண்டியதே இல்லை. முடித்துவிட்டு நேராகப் போய்விடலாம் என்று கணக்குப் போட்டேன். மனு வண்டியில் இருந்தது, கோட்டும் டையும் இருந்தன.

ஆட்டம் சமமாகி ஒரு சுற்று கூடுதலாக ஆடவேண்டி வந்தது. கடைசிக் கல் என்னுடையது. ஜெயித்தேன். மணி பன்னிரண்டேகால், அப்போதே கிளம்பியிருந்தால் போய்ச் சேர்ந்திருக்கலாம். நம் வழக்கம்தான் உனக்குத் தெரியுமே, ஜெயித்தவன் தோற்றவர்களுக்கு வாங்கிக் கொடுத்து, அவர்களோடு உட்கார்ந்து குடித்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். நின்றபடியே சொல்லிக்கொண்டு நழுவப் பார்த்தேன். தோற்ற அணித் தலைவன் லார்ஸ், "என்னப்பா, ஜெயிச்சதும் திமிரா? எங்ககூட உக்காந்தா தேஞ்சா போயிடுவ?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். உட்கார்ந்தேன். வழக்கத்தின் மேல் பழியைப் போடலாம், போடமாட்டேன். ஒரு கிளாஸோடு வழக்கம் தீர்ந்துவிட்டது. மற்ற இரண்டும் அந்தக் கடைசிக் கல்லைப் பற்றி எல்லோரும் பேசியதைக் கேட்டுக்கொண்டிருக்கும் ஆசைக்கு.

வழியெல்லாம் பனிக்காற்று. நான் போய்ச் சேர்ந்தபோது மூன்றே முக்கால். மண்டபத்தில் குமாஸ்தாப் பெண் ஒருத்தி மட்டும் நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தாள். ஊர்ப் பெயரைச் சொன்னேன். "வைட் பாப்லரா? மூணு தடவ கூப்பிட்டோம் சார், யாரும் எந்திரிக்கல. பக்கத்துத் தொகுதிக்காரங்க பஸ் பிடிச்சு வந்து பேசிட்டுப் போனாங்க" என்றாள்.

இதுவரை சொன்னதை அசட்டுத்தனம் என்று நீ மன்னித்தாலும் மன்னிப்பாய். இனிமேல் சொல்வதைக் கேள். அந்தப் பெண் நல்லவள். "அதனால என்ன சார், வெள்ளிக்கிழமை வரைக்கும் எழுத்துல வாங்கிக்குறாங்க. இப்பவே குடுங்க. நேர்ல ஆள் வரலைன்னு மேல ஒரு வரி எழுதி, பொறுப்பாளர் பேரு போட்டுக் கையெழுத்துப் போடுங்க, போதும்" என்று பேனாவையும் நீட்டினாள். ஆள் வரவில்லை என்ற வரிக்குக் கீழே என் பெயர். அது எப்படியும் ஊருக்குத் தெரிந்துவிடும் என்று பயந்தேன். யோசித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி மனுவைத் திரும்ப வண்டியில் வைத்தேன். வெள்ளிக்கிழமை வரை ஆறு நாள் இருந்தது. ஒவ்வொரு நாளும் அது வண்டியிலேயே கிடந்தது.

ஊரில் வந்து என்ன சொன்னேன் என்று உனக்குத் தெரியும். "கேட்டாங்க, தலைய ஆட்டுனாங்க, ஆனா ஏற்கெனவே முடிவு பண்ணிட்டாங்க போல." யார் யார் பேசினார்கள் என்று எல்லைக் குழு தன் அறிக்கையில் போடவில்லை. அதனால் பிழைத்தேன். மனு போயிருந்தால் நம் தொகுதி நிலைத்திருக்குமா என்று எனக்குத் தெரியாது. பேசினவர்களின் தொகுதி நிலைத்தது.

பிறகு, சேர்த்த தொகுதிக்கு நம் கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுத்த கூட்டத்தை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. கிழவர் ஹாவ்ரிலோ எழுந்து, "நெஸ்டர் வெளிய நின்னு கத்துனான். நீ சட்டசபைக்குள்ள இருந்து என்னத்தக் கிழிச்ச?" என்று உன்னைக் கேட்டார். கூட்டம் கை தட்டியது. இரண்டாம் வரிசையில் நான் இருந்தேன். எழுந்து நாலு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். என் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தேன். பதினொரு வாக்கில் நீ தோற்றாய். வெளியே வந்ததும் என் முகத்தைப் பார்த்து, எனக்கு ஆறுதல் சொன்னாய்! "விடு நெஸ்டர். உன்னால ஆனத நீ செஞ்ச." அந்த வார்த்தையை இந்தப் பதினெட்டு வருஷமாக என்னால் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

அதன்பிறகு நடந்ததும் எனக்குத் தெரியும். சர்ச் விருந்துக்குப் பெரோகிக் கொழுக்கட்டை பிடிக்கிற மேஜையில் உனக்கு இடமில்லாமல் போனது. கோட்டு மாட்டுகிற அறையில் உன்னை நிற்க வைத்தார்கள். நான் உன் கையில் கோட்டைக் கொடுத்துவிட்டு உள்ளே போய்ச் சாப்பிட்டேன். நீ வீட்டை விற்ற அன்று பெட்டி தூக்கிவிட வந்தேனே, அன்றைக்காவது சொல்லியிருக்கலாம்.

நேற்று ஆர்லீனிடம் சொன்னேன். சூப் ஊற்றிக்கொண்டிருந்தவள் கரண்டியை அப்படியே வைத்துவிட்டாள். "வருஷா வருஷம் அவளுக்குப் போற கிறிஸ்துமஸ் கார்டுல என் பேரையும் சேர்த்துல்ல போட்ட?" என்றாள். சூப்பை அப்படியே விட்டுவிட்டுப் படுக்கப் போய்விட்டாள். இன்று காலை பேசினாள், "தபாலாபீஸ் ஒன்பது மணிக்குத் தொறக்கும்" என்று மட்டும்.

கையெழுத்துத் தாள்கள் எல்லாம் இதோடு வருகின்றன. முதல் தாளில் மேலே உன் அப்பாவின் கையெழுத்து இருக்கிறது. அந்தத் தாளை மட்டும் பத்திரமாக எடுத்து வைத்துக்கொள்.

நீ இரக்கப்பட்டு இதை அமுக்கிவிடுவாய் என்று எனக்குத் தெரியும். அதனால் நடந்ததை நடந்தபடி ஒரு பக்கம் எழுதி, கையெழுத்துப் போட்டுப் புத்தகக் குழுவிடம் கொடுத்துவிட்டேன். "அங்கிள், இது அச்சுல வந்தா நீங்க ஊருல எப்படி நடமாடுவீங்க?" என்று கேட்டார்கள். பாவ்லினா எப்படி நடமாடினாளோ அப்படி என்றேன். உன் பத்தியை எடுத்துவிட்டு என்னுடையதைப் போடச் சொல்லிக் குழுவுக்கு ஒரு வரி எழுது. நீ சரி என்று சொல்லாமல் அச்சுக்குக் கொடுக்க மாட்டார்களாம்.

மன்னித்துவிடு என்று கேட்க எனக்கு வாய் இல்லை. பதில் போடாவிட்டாலும் புரிந்துகொள்வேன். ஜூன் பதினான்காம் தேதி சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்குப் புத்தகத்தை வெளியிடுகிறார்கள். உன் வாயால் அந்தப் பக்கத்தை நீ படித்தால் ஊர் கேட்கும். அதற்காகவாவது வா. முதல் நாள் மாலை விமானத்தில் வருவதாக எழுது, ரெஜைனாவுக்கு நான் வண்டி கொண்டுவருகிறேன். அன்று காலையிலிருந்தே அங்கே உட்கார்ந்திருப்பேன்.

நீயும் உன் பிள்ளைகளும் குறையில்லாமல் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
நெஸ்டர் பிலிபியுக்