அடுத்ததற்கு அடுத்தது

மார்ச் 3, திங்கள்

செவிலியர் கல்லூரியின் பழைய இணையதளத்திலிருந்து, மருத்துவமனைப் பயிற்சிக்கு அனுப்ப வேண்டிய தேர்ச்சிப் பட்டியலை உருவி எடுக்கும் நிரலை எழுதி முடித்தேன். பைத்தான் மொழியில் இதற்கென்றே ஆயத்தமாக எழுதிவைத்த ஒரு லைப்ரரி இருக்கிறது. பக்கத்தைக் குடும்பம் மாதிரி பிரித்துக் காட்டும்: இது பெற்றோர், இது பிள்ளை, இது உடன்பிறப்பு. அக்காவிடம் சொன்னேன். “அக்காவா தங்கச்சியான்னு சொல்லாம வெறும் உடன்பிறப்புன்னா எப்படி?” என்றாள். முன்னால் இருப்பது அக்கா, பின்னால் வருவது தங்கை என்று வைத்துக்கொள்ளலாம் என்றேன். அங்கேயும் வேலையெல்லாம் அக்கா தலையில்தான் விழும் என்று முனகிக்கொண்டே பாத்திரம் கழுவப் போனாள்.

ஒரே ஒரு தொல்லை. பக்கத்தின் உள்ளே, அட்டவணையின் ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் நடுவில் வரியை உடைத்து எழுதியிருந்தால், அந்த வெற்றிடத்தையும் இது ஓர் உடன்பிறப்பாக எண்ணிவிடுகிறது. அதனால் பெயரிலிருந்து முடிவுக்குப் போக, ‘அடுத்ததற்கு அடுத்தது’ என்று இரண்டு படி வைத்துவிட்டேன். முதல் பத்து வரிகளைச் சரிபார்த்தேன். சரியாகவே வந்தன.

மார்ச் 5

பட்டியல் மருத்துவமனைக்குப் போய்விட்டது. மதியம் தூக்கம் தூக்கமாக வந்தது.

மார்ச் 11, செவ்வாய்

பட்டியலில் ஒரு பெண் விடுபட்டிருக்கிறாள். மறுகூட்டலில் தேறியவள். நேற்று மருத்துவமனையில் பயிற்சி தொடங்கும் நாள். பெட்டியோடு போய் நின்றவளைப் பெயர் இல்லை என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

பதினொரு மணிக்கு ஃபோனிலேயே கூட்டம். அந்தப் பக்கம் கல்லூரியின் நிர்வாகியும், இணையதளப் பக்கங்களை எல்லாம் கையாலேயே அடிக்கும் அலுவலக அம்மாவும். இந்தப் பக்கம் டீம் லீடரும் நானும். அதற்கு முன்பே பக்கத்தின் உள்ளே திறந்து பார்த்திருந்தேன். எனக்குத் தெரியும். மற்ற வரிகளில் கட்டத்துக்குக் கட்டம் வரி உடைத்திருக்கிறது. கடைசியில் சேர்த்த இந்தப் பெண்ணின் கட்டங்கள் மட்டும் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே வரியில். நடுவில் வெற்றிடம் இல்லை. என் இரண்டு படி ‘தேர்ச்சி’யைத் தாண்டி அதற்கடுத்த ‘மறுகூட்டல்’ என்ற குறிப்பில் போய் விழுந்திருக்கிறது. தேர்ச்சி என்று இல்லையா, தள்ளு — நான்தான் அப்படி எழுதி வைத்திருந்தேன்.

என்ன ஆச்சு என்று டீம் லீடர் கேட்டார்.

“மூலப் பக்கத்துல அந்த ஒரு வரி மட்டும் வேற மாதிரி எழுதியிருக்கு.”

அவ்வளவுதான் சொன்னேன். மீதியை அவர் பார்த்துக்கொண்டார். கையால் அடித்தால் இப்படித்தான், பழைய முறையின் கோளாறு, இத்யாதி. கொஞ்ச நேரம் கழித்து அந்த அம்மாவின் குரல் கேட்டது. “சரியாத்தான் போட்டேன்னு நினைக்கிறேன். மறுபடி பாக்கிறேன்.”

சரியாகத்தான் போட்டிருக்கிறார். ஒட்டி எழுதினாலும் உடைத்து எழுதினாலும் திரையில் ஒன்றுதான். அதில் பிழையே கிடையாது.

மார்ச் 12

நான் பொய் சொல்லவில்லை. அந்த வாக்கியத்தில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. எத்தனை நேர்த்தியாகச் சொல்லியிருக்கிறேன் — இத்தனை புத்தகம் படித்தது இதற்குத்தானா?

மார்ச் 13, வியாழன்

அந்த அம்மா என்னையே கூப்பிட்டார். எங்கே தப்பு விட்டார் என்று சொன்னால் இனிமேல் விடாமல் பார்த்துக்கொள்வாராம். “நாளைக்கு ஆபீஸ்ல பேசறாங்க. இந்த வேலையை என்கிட்டேர்ந்து எடுத்துட்டு ரெக்கார்டு ரூமுக்கு மாத்திடுவாங்க போல. அதுக்குள்ள தெரிஞ்சா நல்லா இருக்கும்மா.”

பார்த்துவிட்டுச் சொல்கிறேன் மேடம் என்றேன். பார்க்க என்னடி இருக்கு? செவ்வாய்க்கிழமையே பாத்தாச்சே.

அக்காவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள். “உன்கிட்டயே வந்து கேக்கறாங்க பாரு” என்றாள். பிறகு மறுபடி மடிக்கத் தொடங்கினாள். என் துணிகளை மட்டும் மடிக்காமல் ஒதுக்கி வைத்துவிட்டுப் போனாள்.

மார்ச் 14, வெள்ளி

காலை எட்டே முக்காலுக்கு மூன்று பேருக்கும் மின்னஞ்சல் அனுப்பினேன். பக்கத்தில் பிழை இல்லை, என் நிரலில்தான் பிழை, செவ்வாய்க்கிழமை கூட்டத்திலேயே எனக்கு அது தெரியும். இந்தக் கடைசித் துண்டை மூன்று முறை அழித்து மூன்று முறை எழுதினேன். டீம் லீடர் கேட்டது ஒன்றுதான்: “அனுப்பறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?”

அந்த அம்மாவையும் கூப்பிட்டேன். ஒட்டி எழுதிய வரி, நான் வைத்த இரண்டு படி, எல்லாவற்றையும் சொன்னேன்.

“மூணு நாளா ஒவ்வொரு பேரையும் விரல் வெச்சுப் படிச்சிட்டிருக்கேன். கண்ணு போயிடுச்சு போலன்னு கண் டாக்டர்கிட்ட நேரம்கூட வாங்கிட்டேன்மா.”

திட்டியிருந்தால் தேவலை.

மார்ச் 17

அந்தப் பெண் இன்று பயிற்சியில் சேர்ந்துவிட்டாள், ஒரு வாரம் தாமதமாக. விட்டுப்போன பாடத்தை ஞாயிற்றுக்கிழமைகளில் ஈடுகட்ட வேண்டுமாம். அந்த அம்மாவை ரெக்கார்டு ரூமுக்கு மாற்றவில்லை. என் நிரல் இனி இன்னொருவர் பார்த்த பிறகுதான் வெளியே போகும். நியாயம்தான்.

திருத்தம் ஒரே வரி. வெற்றிடம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அடுத்த கட்டத்தை மட்டும் கேள். மூன்று நிமிஷம் ஆனது.

மார்ச் 26, புதன்

கல்லூரியிலிருந்து புதுப் பட்டியல் வந்தது. உள்ளே திறந்தேன். ஒவ்வொரு கட்டமும் தனி வரியில். ஒவ்வொரு பெயருக்குப் பிறகும் ஒரு வெற்று வரி. எல்லாம் அளவெடுத்த மாதிரி.

கூப்பிட்டு, இனி எப்படி வேண்டுமானாலும் அடிக்கலாம் மேடம், ஒட்டி எழுதினாலும் ஒன்றும் ஆகாது என்றேன்.

“பரவாயில்லம்மா, இப்படியே போடறேன். அரை மணி கூட ஆகுது, அவ்வளவுதான்.”