அய்யனார் பங்குக்கு வந்த புத்தகங்கள்

கிள்ளை,
ஐப்பசி மாதம், மழை விட்டிருக்கும் வெள்ளிக்கிழமை.

அன்புள்ள மாமாவுக்கு இசைவாணி எழுதுவது.

இங்கே நான், அத்தை, நம் மகள் ஸ்ரீமதி மூவரும் சுகம். அங்கே நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று நான் கேட்க வேண்டிய அவசியமே இல்லாமல் தேவநாதன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். வெயிலில் தொப்பி போடுவதில்லை. பாதி நாள் சோறு பொங்காமல் ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுத்துவிடுகிறீர்கள். இந்த வருஷ லீவையும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டீர்கள். ரியாத்தில் ஒரே ரூமில் தங்கியிருக்கிற ஆள் ஊருக்கு வந்தால் எல்லாம்தான் வெளியே வரும். அவரைத் திட்டாதீர்கள். நான்தான் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு வைத்துக் கொடுத்து வாயைப் பிடுங்கினேன்.

போனில் பேசாமல் கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். வலை ரூம் என்று நான் வாயெடுத்தாலே உங்களுக்கு சிக்னல் போய்விடுகிறது, மாமா. கடிதத்துக்கு அந்த வசதி கிடையாது. கோபம் வந்து தூக்கிப் போட்டாலும் நீங்களேதான் குனிந்து எடுக்க வேண்டும். தேவநாதன் ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறார். அவர் கையிலேயே கொடுத்து அனுப்புகிறேன்.

சுற்றி வளைக்காமல் முதலிலேயே கேட்டுவிடுகிறேன். வலை ரூம் சாவி வேண்டும். நம் குப்பத்துக்கு ஒரு பகுதி நேர நூலகம் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். வாடகையில்லாத, நனையாத இடம் ஒன்றை நவம்பர் நடுவில் வருகிற நூலக வாரத்துக்குள் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் அது வேறு ஊருக்குப் போய்விடும். நம் ஊரில் அப்படிப்பட்ட இடம் எது என்று உங்களுக்குத் தெரியும். நீங்களும் உங்கள் தம்பி அய்யனாரும் வலை வைப்பதற்குக் கல் சுமந்து கட்டியது. தம்பியின் காரியம் முடிந்த அன்று பூட்டி, சாவியை அரைஞாண் கயிற்றில் கோத்துக்கொண்டு கிளம்பினீர்கள். அதற்கப்புறம் அந்தக் கதவை யாரும் தொடவில்லை. கோபப்படுங்கள். ஆனால் முழுவதும் படித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

சித்திரையில்தான் இது ஆரம்பித்தது. மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கரையில், ஆண்கள் எல்லாம் மர நிழலில் சீட்டாட்டத்தில். அப்போது சிதம்பரத்திலிருந்து சந்திரலேகா மேடம் வேன் நிறையப் புத்தகத்தோடு வந்து இறங்கினார். நூலகர். தன் குடைக்குக்கூடப் பெயர் எழுதி ஒட்டி வைத்திருக்கிற கறார் பேர்வழி. நூலகத்துக்கு வர முடியாத ஊர்களுக்கு நூலகமே போய்ச் சேர வேண்டும் என்பது அவர்களுடைய இந்த வருஷத்து வேலையாம். புயல் பாதுகாப்பு மையத்து வராண்டாவில் தார்ப்பாய் விரித்து, புத்தகங்களைக் கொட்டி, வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள், இரண்டு வாரத்தில் வருகிறேன் என்று சொல்லிவிட்டு அடுத்த குப்பத்துக்குப் போய்விட்டார்.

தார்ப்பாயில் எதைக் கொட்டினாலும் நம் ஊருக்குத் தெரிந்த வேலை ஒன்றுதானே. நம் பக்கத்து வீட்டு ஆரோக்கியம்மாள் அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்து கூறு போட ஆரம்பித்துவிட்டார். பெரியது ஒன்று, சிறியது இரண்டு, மெலிந்தது இருந்தால் அதற்கு ஒன்று கூட. வீட்டுக்கு ஒரு பங்கு. யாருக்கு என்ன பிடிக்கும் என்ற பேச்சே இல்லை. தனியாளாக இருக்கிற கோவிந்தசாமி பெரியப்பாவுக்குக் கர்ப்பிணிகள் என்ன சாப்பிடலாம் என்ற புத்தகம் போனது. ஆரோக்கியம்மாள் அக்காவுக்கே தலையணை மொத்தத்தில் ஒரு கம்ப்யூட்டர் புத்தகம். பங்கு போட்டவரே முகம் சுளிக்கக் கூடாது என்று அதை அக்கா மரியாதையாக வீட்டுக்குத் தூக்கிப் போனார்.

கடலில் ஆளைப் பறிகொடுத்த வீட்டுக்கு ஒரு பங்கு சேர்த்து வைப்பது நம் ஊர் வழக்கம். மீனுக்கு வைப்பது போலவே புத்தகத்துக்கும் வைத்தார்கள். "இது அய்யனாரு பங்கு" என்று சொல்லி அக்கா ஒரு கூறை அத்தையின் மடியில் வைத்தார். ஒரு பேய்க் கதைப் புத்தகம், ஆடு வளர்ப்பு பற்றி ஒன்று, சர்க்கார் வேலைப் பரீட்சைக்கு ஒன்று. அத்தை அதை அப்படியே மடியில் கட்டிக்கொண்டார். வீட்டுக்குக் கொண்டு வந்து தம்பி போட்டோவுக்குக் கீழே அடுக்கி வைத்தார்.

இரண்டு வாரம் கழித்து மேடம் வந்து புத்தகங்களைக் கேட்டபோது ஊரே திகைத்துப் போய்விட்டது. கொடுத்த பங்கை யாராவது திருப்பிக் கேட்பார்களா? "பங்கு குடுத்தா குடுத்ததுதான மேடம், நாளைக்கு மீனயும் திருப்பிக் கேப்பீங்களா" என்று கோவிந்தசாமி பெரியப்பா கேட்டார். மேடத்துக்குக் கண் கலங்கிவிட்டது. அரசாங்கப் புத்தகம், நான்தான் பதில் சொல்ல வேண்டும் என்று ஒவ்வொருவரிடமும் கெஞ்சினார். பாவமாக இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது. கடைசியில் ஆரோக்கியம்மாள் அக்காதான் வழி கண்டுபிடித்தார். "இது மீனு இல்லடி, வலை. மீனு தின்னா தீந்துச்சு. வலை இன்னிக்கு உன் கையி, நாளைக்கு என் கையி. குடுத்துட்டு அடுத்தத வாங்குங்க" என்று சத்தம் போட்டார். அதற்கப்புறம் எல்லா வீட்டுப் புத்தகமும் வந்துவிட்டது. அக்காவின் கம்ப்யூட்டர் புத்தகம்தான் எல்லாவற்றுக்கும் முன்னால் வந்தது.

நம் வீட்டுப் பங்கு மட்டும் வரவில்லை. அத்தை தர மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அவன் பேரில் வந்ததை அனுப்ப மாட்டேன், வேண்டுமானால் என் கம்மலை வைத்துக்கொள்ளச் சொல் என்றார். மேடத்தைத் தனியாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். அவர் கணக்கு நோட்டை மூடிப் பைக்குள் வைத்தார். அப்புறம், அவசரமில்லை, அம்மாவுக்கு அதைப் படித்துக் காட்டுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

படித்துக் காட்டினேன். தினம் விளக்கு வைத்த பிறகு வாசலில் உட்கார்ந்து ஒரு பேய்க் கதை. முதல் நாள் அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான்காவது கதையில், இந்தப் பேய்க்குப் புத்தி இல்லையா, புளிய மரத்தை விட்டால் வேறு இடமே கிடைக்கவில்லையா என்று கேட்டார். மாமா, தம்பி போன பிறகு உங்கள் அம்மா சாப்பிட்டேன், தூங்கினேன் என்பதையும் தம்பி பேச்சையும் தவிர வேறு ஒரு வார்த்தை பேசிக் கேட்டது அன்றைக்குத்தான். அடுப்பங்கரைக்குள் போய் அழுதுவிட்டு வந்து மீதிக் கதையைப் படித்தேன். பக்கத்து வீட்டுப் பெண்களும் மீன்கூடையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து உட்கார ஆரம்பித்தார்கள். புத்தகம் தீர்ந்ததும் அத்தையே மூன்றையும் துடைத்து எடுத்துக்கொண்டு போய் மேடம் கையில் கொடுத்தார். கொடுத்துவிட்டுக் கையை நீட்டியபடியே நின்றார். "அவன் பங்குக்கு அடுத்தது குடும்மா" என்றார்.

அன்றிலிருந்து இந்த வருஷம் முழுவதும் நம் ஊரில் நடந்ததைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். சந்திரலேகா மேடம் கண் டாக்டரை அழைத்து வந்தார். படிக்க முடியவில்லை என்று சொன்ன பாதிப் பேருக்குக் கண்ணாடிதான் தேவைப்பட்டிருக்கிறது. அத்தையும் போட்டிருக்கிறார். பெரிய எழுத்தாக இருந்தால் தானே கூட்டிப் படிக்கிறார். பரீட்சை எழுதுகிற பெண்பிள்ளைகளைச் சனிக்கிழமைதோறும் சிதம்பரம் நூலகத்துக்குக் கூட்டிப் போய் மாதிரித் தேர்வு வைக்கிறார்கள். நம் ஸ்ரீமதி கதை சொல்லும் போட்டியில் பரிசு வாங்கினாள். என்ன கதை என்று கேட்காதீர்கள், உங்கள் குறட்டையைப் பற்றியது. எனக்கு நூலக நண்பர் என்று படம் ஒட்டிய அடையாள அட்டை கொடுத்திருக்கிறார்கள். துணிப்பையில் புத்தகம் எடுத்துக்கொண்டு, நடக்க முடியாதவர்கள் வீட்டுக்கெல்லாம் நான்தான் போகிறேன். முதல் நாள் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கண்ணாடியில் ரொம்ப நேரம் பார்த்தேன். உங்களிடம் சொல்ல வெட்கமென்ன.

ஆவணியில் கடலூரில் மாவட்ட நூலகத்தில் ஒரு கூட்டம். ஒரு வருஷமாக எந்த ஊருக்குப் போனோம், யாருக்கு என்ன செய்தோம் என்று ஒவ்வொருவரும் எழுந்து சொல்ல வேண்டும். மேடம் என்னையும் கூட்டிப் போனார். நெல்லிக்குப்பம் பக்கத்திலிருந்து வந்த ஒருவர் கரும்பு வெட்டுகிற இடத்துக்கே சைக்கிளில் புத்தகம் கொண்டு போவதைச் சொன்னார். என்னையும் மைக் முன்னால் நிறுத்தினார்கள். வேறு ஒன்றும் தெரியாமல் கூறு போட்ட கதையைச் சொன்னேன். அரங்கமே சிரித்தது. தம்பி பங்கைப் பற்றிச் சொன்னபோது சிரிப்பு நின்றுவிட்டது. கூட்டம் முடிந்து வெளியே வரும்போது பெரிய அதிகாரி என்னைக் கூப்பிட்டு, இடம் மட்டும் காட்டுங்கம்மா, உங்கள் ஊருக்கு நூலகம் என் பொறுப்பு என்றார். பஸ்ஸில் ஏறிச் சிதம்பரம் வரும்வரை நான் மேடத்தின் கையை விடவில்லை.

அதற்கப்புறம்தான் கவலை பிடித்தது. பாதுகாப்பு மையத்தில் வைக்கலாம் என்றால் புயல் அடித்தால் ஜனங்கள் எங்கே போவார்கள்? போன வாரச் சாரலிலேயே வராண்டாவில் இருந்த பெட்டி நனைந்துவிட்டது. பெண்கள் எல்லாம் சேர்ந்து கயிறு கட்டி, புத்தகத்தைக் கருவாடு மாதிரித் தொங்கவிட்டுக் காய வைத்தோம். ஊர்க் கூட்டத்தில் எல்லோரும் ஒவ்வொரு இடமாகச் சொன்னார்கள். வலை ரூம் என்று யாரும் சொல்லவில்லை, மாமா. எல்லோருடைய கண்ணும் அந்தப் பக்கம் போய்ப் போய்த் திரும்பியது. வாய் திறந்து சொன்னது அத்தைதான். "எம்புள்ள ரூமு சும்மாத்தான கெடக்குது" என்றார்.

மறுநாள் ஆரோக்கியம்மாள் அக்கா கடப்பாரையோடு வந்துவிட்டார். சேத்தியாத்தோப்பில் பூட்டு ரிப்பேர் செய்கிறவர் இருக்கிறார், கூட்டி வருகிறேன் என்று இன்னொருவர் சொன்னார். நான் இரண்டுக்கும் ஒப்பவில்லை. அத்தையும் கதவுக்கு முன்னால் வந்து நின்றுகொண்டு, "பூட்டுனவன் வந்து தொறக்கட்டும்" என்று சொல்லிவிட்டார். அக்கா கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு முணுமுணுத்தபடியே போனார்.

தேவநாதன் இன்னொன்றும் சொன்னார். ரியாத் விமான நிலையத்தில் மிஷின் சத்தம் போட்டதாம். இடுப்பில் என்ன என்று கேட்டதற்கு, சாவியைக் கழற்ற மாட்டேன் என்று நீங்கள் அடம் பிடித்து, தனி ரூமில் உட்கார வைத்துவிட்டார்களாம். அங்கே எல்லோரும் உங்களைக் கேலி செய்வார்களாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடலே இல்லாத ஊராகத் தேடிப் போனீர்கள். ஆனாலும் அந்த ரூமைத்தானே இடுப்பில் கட்டிக்கொண்டு திரிகிறீர்கள்.

இதுவரைக்கும் நான் சொல்லாததை இப்போது சொல்கிறேன். அன்றைக்கு உங்களுக்குக் காய்ச்சல். எழுந்து நிற்க முடியாமல் கிடந்தீர்கள். தம்பி தனியாகப் போனான், முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்தது. காய்ச்சல் வந்தது குற்றமா, மாமா? அத்தை ஒரு நாளும் அப்படி நினைக்கவில்லை. என்னிடமே சொன்னார்: "பெரியவனும் போயிருந்தா எனக்கு யாரு? அந்தக் காய்ச்சலுக்குத் தெனமும் கும்புடு போடறேன்." இதை உங்களிடம் சொல்லும்படி கேட்டார். நேரில் சொல்ல நினைத்திருந்தேன்.

கூரியரில் போட்டாலும் சாவி வந்து சேரும் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. வரவே முடியாது என்றால் அப்படியே அனுப்புங்கள். ஊர்ப் பிள்ளைகள் நம்மால் நூலகத்தை இழக்கக் கூடாது. அத்தையை நான் சமாதானம் செய்துகொள்கிறேன். ஆனால் அந்தக் கதவைத் திறந்தால் உள்ளே தம்பியின் என்ஜினும், மழைக் கோட்டும், கேரம் போர்டும் இருக்கும். அதைத் தனியாகப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. லீவு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்று தேவநாதன் சொல்கிறார். உங்கள் சூப்பர்வைசர் நல்ல மனுஷராமே.

கருவாடு, இட்லிப் பொடி, எள்ளுருண்டை வைத்திருக்கிறேன். அவற்றுக்கு அடியில் பழைய நியூஸ்பேப்பரில் சுற்றி ஒரு புத்தகம் இருக்கும். அதே பேய்க் கதைப் புத்தகம்தான். அய்யனார் பங்குக்கு மறுபடி கேட்டு வாங்கினார் அத்தை. நான் படிக்கப் போனபோது, "எனக்கு இல்ல, அவனுக்கு அனுப்பு. தம்பி பங்க அண்ணன் தின்னா தப்பில்ல" என்றார். நூலகப் புத்தகம் வெளிநாடு போகலாமா என்று பயந்துகொண்டே மேடத்திடம் கேட்டேன். அந்தக் கறார் மேடம் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் அட்டைக்கு உள்ளே ஒட்டியிருக்கும் தாளில் முத்திரையை அழுத்திக் குத்தினார். திருப்பித் தர வேண்டிய தேதி, நூலக வாரத்தின் முதல் நாள்.

அது என் பேரில் எடுத்த புத்தகம், மாமா. தேதி தவறினால் என் கழுத்தில் இருக்கும் அட்டைக்கு மரியாதை இல்லை. புத்தகமும் சாவியும் ஒரே கையில் வந்து சேரட்டும். புளிய மரத்துப் பேய்க் கதையை மட்டும் படிக்காமல் வையுங்கள், அதை அத்தையே உங்களுக்குப் படித்துக் காட்ட வேண்டுமாம்.

தில்லைக்காளி உங்களுக்குத் துணையிருந்து நல்லபடியாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

வாசலைப் பார்த்தபடி,
உங்கள்
இசைவாணி.