நாலு கோட்டில் நடந்தவர்கள்

மே 19, திங்கள்

அக்னி நட்சத்திரம். காலை ஒன்பதுக்கே ஸ்கூட்டி சீட்டில் உட்கார முடியவில்லை. ஹெச்.ஓ.டி. உத்தரவு: பிளஸ் டூ முடித்த பிள்ளைகளுக்கு ஊர் ஊராகப் போய் நம் கல்லூரியின் கணினித் துறையை அறிமுகப்படுத்த வேண்டும். இன்று கரையாம்புத்தூர், சமுதாயக் கூடம். கையில் நாற்பது ஸ்லைடு. வெயில் வெளிச்சத்தில் திரையில் ஒன்றும் தெரியவில்லை. வாயாலேயே ஒப்பேற்றினேன்.

வந்த கேள்விகள், அப்படியே:
– பஸ் இருக்குதா?
– வூட்ல லேப்டாப் இல்லன்னா சேத்துப்பீங்களா?
– கேன்டீன்ல இன்னா கெடைக்கும்?
– வேல கெடைக்குமா? (எல்லா அப்பாக்களும்)

பாடத்தைப் பற்றி ஒன்றே ஒன்று. கடைசி வரிசையில் அபிநயா என்ற பெண்: “மிஸ், கம்ப்யூட்டர் தப்பு பண்ணா, தப்புன்னு அதுக்குத் தெரியுமா?”

ஏதோ உளறினேன். மூன்று வருடமாகப் பாடம் நடத்துகிறேன், இதை யாரும் கேட்டதில்லை. இந்தப் பெண் எங்கள் வகுப்பில் உட்கார வேண்டும் என்று ஒரே ஆசை.

அவள் அப்பா குமரவேல் வாசலிலேயே மடக்கினார். முன்பு நெல் அறுப்பு ஆட்களுக்கு மேஸ்திரி, இப்போது டிராக்டர் ஓட்டுகிறார். “நர்சிங்கு சொல்லி வச்சிட்டேன் டீச்சரம்மா. அறுப்பு மிஷினு வந்துது, எங்க ஆளுங்க மொத்தமா வூட்ல குந்திட்டாங்க. இப்ப கம்ப்யூட்டரே எல்லாத்தையும் செய்யுதாமே. அப்பறம் எம் பொண்ணு எதுக்கு?”

அவர் போன் நம்பரை வாங்கிக்கொண்டேன்.

மே 21, புதன்

ஹெச்.ஓ.டி.: “எத்தனை பேர் வருவாங்க?” நான்: “நல்ல கேள்வி ஒண்ணு வந்திருக்கு சார்.” முறைத்தார்.

சனிக்கிழமை கல்லூரியில் துறை அறிமுக நாள். வாங்க வேண்டியவை: பிஸ்கட், தண்ணீர் கேன், செலோ டேப், ரிப்பன் (எதற்கு ரிப்பன்? ஹெச்.ஓ.டி.யைத்தான் கேட்க வேண்டும்).

குமரவேலுக்கு போன். “சும்மா பாத்துட்டு வரதுல இன்னா இருக்குது, வரோம். ஆனா திங்கக்கெழம நர்சிங்குல சேத்துடுவேன், சொல்ட்டேன்.”

அம்மா கேட்கிறாள், யாரோ ஒரு பெண்ணுக்கு ஏன் இவ்வளவு மெனக்கெடுகிறேன் என்று. தெரியவில்லை. அவள் கேட்ட அந்தக் கேள்விக்குப் பதில் வேண்டும், அவ்வளவுதான்.

மே 24, சனி

மேகம், புழுக்கம், மழை இல்லை. ஹெச்.ஓ.டி. பேச ஆரம்பித்ததும் கரன்ட் போனது. யு.பி.எஸ். கொஞ்சம் கத்திவிட்டுச் செத்தது. லேப் முழுக்க இருட்டுத் திரை. கூட்டம் பஸ்ஸைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டது.

விளையாட்டு அறையிலிருந்து சுண்ணாம்புப் பொடி எடுத்து வந்து, புங்க மரத்தடியில் நீளமாக நாலு கோடு, நடுநடுவே அவற்றை இணைக்கும் குறுக்குக்கோடுகள் போட்டேன். ஆளுக்கு ஒரு கோடு, கையில் எண் எழுதிய சீட்டு. குறுக்குக்கோடு வரும் இடத்தில் இரண்டு பேர் சந்தித்துச் சீட்டைக் காட்ட வேண்டும். சின்ன எண் இடப்பக்கக் கோட்டுக்கு, பெரியது வலப்பக்கத்துக்கு. வேறு எதையும் யோசிக்கக் கூடாது. கடைசியில் எல்லாரும் தானாக வரிசையாகிவிடுவார்கள். கம்ப்யூட்டருக்குள் நடப்பதும் இதுதான் என்றேன்.

முதல் தடவை சரியாக வந்தது. கைதட்டல். எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்.

சீட்டைக் கலைத்து இரண்டாம் தடவை. குமரவேல் கையில் 25, ஏம்பலத்திலிருந்து மகனோடு வந்த அம்மா கையில் 12. கடைசியில் பார்த்தால் 25 இரண்டாவதாக, 12 மூன்றாவதாக. ஒரே சிரிப்பு. “எங்கியோ தப்பா திரும்பிட்டீங்க!”

குமரவேலுக்குக் கோபம் வந்துவிட்டது. “நா இன்னா தப்பு பண்ணேன்? கோடு போட்டபடிதான நடந்தேன்! தப்புன்னு எனக்கு எப்டித் தெரியும்?”

அபிநயா நாலு பேரையும் ஆரம்பத்துக்கே போகச் சொன்னாள். மெதுவாக நடக்கவைத்து, கூடவே நடந்தாள். “மிஸ், எங்கப்பாவும் இந்த அத்தையும் ஒரு தபா கூட சந்திக்கவே இல்ல. நடுவுல ஒரு குறுக்குக்கோட்ட வுட்டுட்டீங்க.”

உண்மை. ஐந்து குறுக்குக்கோடு வேண்டும், நான் போட்டது நாலு. ஹெச்.ஓ.டி. முன்னால் வெட்கம் பிடுங்கித் தின்றது.

பொடியை வாங்கி அவளே ஐந்தாவதைப் போட்டாள். அப்புறம் எப்படிக் கலைத்தாலும் சரியாக வந்தது. என் பக்கம் திரும்பினாள். “அதுக்குத் தெரியாது மிஸ். எங்கப்பாவுக்கே தெரியலியே!”

எல்லாரும் சிரித்தார்கள், குமரவேல் தவிர. கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றவர், சொல்லிக்கொள்ளாமல் மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். போன பிறகு கரன்ட் வந்தது.

மே 26, திங்கள்

நர்சிங்கில் சேர்க்கும் நாள். காலையிலிருந்து போனையே பார்க்கிறேன். செருப்பில் இன்னும் சுண்ணாம்பு. ரிப்பன் பிரிக்காமல் அப்படியே கிடக்கிறது.

சாயங்காலம் போனில் குமரவேல். பின்னால் ஒரே இரைச்சல். “டீச்சரம்மா, வாசல்ல கோடு போட்டோம். நாலு பேருக்கு கரெக்டா வருது. எட்டு பேருன்னா எப்டி போடணும்? எங்க பழைய அறுப்பு ஆளுங்க சீட்டோட நிக்கிறாங்க.”

“நர்சிங்குக்குப் போனீங்களா?”

“போவல. தப்புன்னு கம்ப்யூட்டருக்கே தெரியாதுன்னா, பக்கத்துல ஒருத்தர் நின்னு பாக்கணும்ல? எம் பொண்ணு நிக்கட்டும். அத வுடுங்க, எட்டு பேருக்கு சொல்லுங்க.”

உடனே சொல்ல எனக்கும் தெரியவில்லை. தெரியாது என்றேன்.

பின்னாலிருந்து அபிநயா: “போன வைப்பா! நானே கண்டுபுடிக்கிறேன்!”