தண்டோடு நின்றுபோன இனிப்பு

அயனம்பாக்கம்
1946 ஜனவரி 27

சிரஞ்சீவி லோகநாதனுக்கு உன் நைனா பரந்தாமன் மனதார ஆசீர்வாதம். இங்கே எல்லாரும் நடமாடிக்கொண்டு இருக்கிறோம், சீமைக் குளிரில் நீயும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறாய் என்று ஒரு வரி வந்தால் உன் அம்மா அன்று ஒழுங்காகச் சாப்பிடுவாள்.

உன் கடிதம் அறுவடைக்குப் பிறகுதான் வந்தது, அறுவடை என்று சொல்வதே வெட்கம், அறுத்தோம் அவ்வளவுதான். ஐப்பசி மழை ஏமாற்றியதை முன்பே எழுதியிருந்தேன். கதிர் வெளியே வந்து பூத்த சமயம் ஏரியில் ஒரு பாய்ச்சலுக்குத்தான் தண்ணீர் இருந்தது, மதகைத் திறப்பதா வேண்டாமா என்று ஊர் கூடியது. வழக்கம்போல ஆளுக்கொரு தண்டை ஒடித்து மென்று பார்த்தோம். எத்திராஜ் மாமா, "தண்டு கரும்பாட்டம் இனிச்சிகினு கீது, கதிர் தானா பால் புடிச்சிக்கும், தண்ணி கோடைக்கு மாட்டுக்கு இருக்கட்டும்பா" என்றார். எல்லார் வாயும் இனித்துக்கொண்டிருந்தது, யார் மறுத்துப் பேசுவார்கள். கதிர் தலை சாயாமல் விறைத்து நின்ற பிறகு அலறியடித்து மதகைத் திறந்தோம், ஒரு பயனும் இல்லை. எல்லாம் பதர்.

நீ எழுதியதை மூன்று பேருக்குப் படித்துக் காட்டினேன். இலை காய்ச்சுகிற சர்க்கரை தண்டு வழியாக வந்தாலும், விதைக்குள் என்சைம் என்று ஒன்று உறைமோர் மாதிரி இருந்து அதை உடைத்துக் கொடுத்தால்தான் கரு வளரும், அப்புறம்தான் அது மாவாகும், பூக்கிற நேரத்தில் தண்ணீர் இல்லாவிட்டால் முதலில் அடங்குவது அதுதான் என்கிறாய். சோற்றுப் பானை பக்கத்திலேயே இருந்தும் ஊட்ட ஆளில்லாமல் பிள்ளை செத்த கதைதான். உள்ளே போக வழியில்லாமல் நின்ற சர்க்கரையைத்தான் நாங்கள் மென்று சந்தோஷப்பட்டிருக்கிறோம். வெளியிலிருந்து ஏதாவது தெளித்துக் கதிரைக் காப்பாற்ற முடியுமா என்று நான் முன்பு கேட்டிருந்ததற்கு, முடியாது, நின்றது நின்றதுதான் என்று எழுதிவிட்டாய். அங்கே பயிர் சாஸ்திரத்தில் நீ படித்தது சரியாகத்தான் இருக்கும், அதனால்தான் எனக்குக் கோபம் கோபமாக வருகிறது. மாடுகளுக்கு மட்டும் கொண்டாட்டம், இப்படி ருசியான வைக்கோலை அவை கண்டதே இல்லை.

அடுத்த போகத்துக்கு விதைதான் இல்லை. ஏரிப் பாசனம் முழுக்க இதே கதி, நம்முடைய சிறுமணிச் சம்பா யாரிடமும் கிடையாது. இது போய்விட்டால் போனதுதான். உன் அம்மா களத்தில் உட்கார்ந்து புடைத்ததையே திரும்பத் திரும்பப் புடைத்தாள், காற்றில் போகாமல் முறத்தில் தங்கிய மணி ஒரு சின்னக் கலயம். உன் தம்பி ஜெயராமன் ஆவடிப் பட்டாளக் கேம்பில் மூட்டை தூக்கப் போகிறான், யுத்தம் முடிந்து ஆட்களைக் குறைக்கிறார்களாம், அதுவும் எத்தனை நாளோ. ரேஷனில் புழுத்த சோளம்தான். போன வாரம் அவன் பிள்ளைக்குக் காய்ச்சல், சோளக்கஞ்சி இறங்கவில்லை, உன் அம்மா கலயத்தில் பாதியைக் குத்திக் கஞ்சி வைத்துவிட்டாள். பிள்ளை இப்போது எழுந்து உட்கார்கிறது.

வரப்போகும் மழையில் எனக்கு நம்பிக்கை இல்லை, உன்னிடம் ஏன் மறைக்க வேண்டும். நீ ஊருக்கு வந்து நிலத்தைப் பார்க்கிறேன் என்று எழுதியதை மறந்துவிடு, பார்க்க ஒன்றும் இல்லை. வாரம் ஒரு நாளாவது எண்ணெய் தேய்த்துக் குளி, அங்கே அது வழக்கமில்லை என்று விட்டுவிடாதே. ராத்திரி கம்பளி இல்லாமல் படுக்காதே. தெய்வம் உன்னையாவது நன்றாக வைத்திருக்கட்டும்.

இத்துடன் வருகிற சின்னத் துணிமுடிச்சில் கலயத்தில் மிஞ்சிய விதைநெல் இருக்கிறது. உன் அம்மாவே தைத்துக் கொடுத்தாள். ஈரம் படாமல், எலி அண்டாமல் வைத்துக்கொள். ஏரி நிரம்பியது என்று நான் எழுதினால் மட்டும் விதைக்கத் திருப்பி அனுப்பு. அதற்கு முன்னால் நாங்கள் எப்படிக் கெஞ்சி எழுதினாலும் அனுப்பாதே, தின்பதற்குத்தான் கேட்டிருப்போம்.

இப்படிக்கு
உன் நைனா
பரந்தாமன்