இருபத்திரண்டாம் சங்கீதம்

16.8.1986, சனி

இப்போதுதான் வீட்டுக்கு வந்தேன்.

இங்கே, இந்த அந்நிய நாட்டில், மனுரேவாவில் மேரி அக்கா வீட்டுச் செபத்துக்குப் போயிருந்தேன். மன்னாரில் அவருடைய மகனைச் சுட்டுவிட்டார்கள். மகனின் முகத்தைக்கூட அவர் பார்க்கவில்லை.

"தம்பி, இருபத்திரண்டாம் சங்கீதம் வாசியுங்கோ. பிள்ளைக்குப் பிடிச்சது" என்றார்.

அவர்கள் கத்தோலிக்கர். நான் யாழ்ப்பாணத்துப் புரட்டஸ்தாந்து ஆள். என்னுடைய வேதாகமத்தைத் திறந்து, ஒருதரம் பார்த்துக்கொள்ளாமல் சத்தமாக வாசிக்கத் தொடங்கினேன். ஏன் என்னைக் கைவிட்டீர் என்று கடவுளிடம் ஒருவன் கதறுகிற பாட்டு! சாவீட்டில்! இரண்டு வரி போன பிறகுதான் எனக்கே உறைத்தது.

அக்காவின் சகோதரன் அந்தோனி குருமடத்தில் சில காலம் படித்தவர். என் காதருகே குனிந்தார்.

"அண்ணை, எங்கட பழைய புத்தகம் கிரேக்க மொழிபெயர்ப்பின்ர வழி. அதில ரெண்டு சங்கீதத்தை ஒண்டாச் சேர்த்துப்போட்டினம். அதால இலக்கம் ஒண்டு குறையும். அக்கா கேட்ட, ஆறுதல் சொல்லுற மேய்ப்பன் பாட்டு உங்களுக்கு இருபத்துமூண்டு."

இத்தனை வருடம் கோயிலில் வாசிக்கிறேன், இது எனக்குத் தெரியாது. இன்றைக்கா தெரியவேண்டும்?

மன்னிப்புக் கேட்டுப் பக்கத்தைத் திருப்பப் போனேன். அக்கா என் கையைப் பிடித்துவிட்டார்.

"திருப்பாதேங்கோ தம்பி. கடவுளிட்ட இதைக் கேக்க எனக்குப் பயமாயிருந்தது. முழுக்க வாசியுங்கோ."

வாசித்தேன். முடிவில் ஆமென் சொன்னது அக்கா மட்டும்தான்.